கெளுத்திகளின் வருகைப் பதிவேடு

என் மரியாதைக்கும், அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளன், கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்றே வைத்துக்கொள். அங்கே உன் முழங்கால், அத்தானின் ரத்த அழுத்தம், உங்கள் வீட்டு ஒழுகுகிற குழாய் மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து, தம்பிக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று மூக்கைச் சிந்தத் தொடங்காதே. வலது கைக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது. விரலை நீட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு மீன் குத்திவிட்டது. பெரிய மீனாக இருந்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கெளுத்தி. விவரம் கீழே வருகிறது.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு மாடி அறையை எனக்கு ஒழித்துத் தர வேண்டும். பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று அத்தான் அதில் சேர்த்து வைத்திருக்கும் மின்விசிறிகளை வேறு எங்காவது நகர்த்தச் சொல். ஒரு கட்டில் போட இடம் கிடைத்தால் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். உடனே இங்கே தொலைபேசியில் கூப்பிட்டு, என் தம்பியை என்ன செய்தீர்கள் என்று மகனையும் மருமகளையும் பிடித்து உலுக்காதே. அவர்கள் தங்கம். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, சண்டையும் இல்லை. இந்த வீட்டில் நான் ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஒட்டவில்லை என்பதற்கு ஆறு சாட்சிகள் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கின்றன.

நான் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் இருநூற்று நாற்பது மாணவர்களைக் கட்டி மேய்த்தவன், இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மூன்றாவது ஆளாக இருப்பது எப்படி என்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கிறேன். வீடு சின்னது. கூடத்து மூலையில் ஒரு அலமாரியைக் குறுக்கே நிறுத்தி, அதன் பின்னால் எனக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட வழியாகப் படுத்தபடியே பார்த்தால் சாப்பாட்டு மேசையின் கால்கள் தெரியும். மேசைக்கு அடியில், எதிர்ச்சுவர் ஓரமாகத் தாழ்வான பலகையில் வைத்திருக்கும் மீன் தொட்டியின் அடிப்பாகம் நாலு விரல் உயரத்துக்குத் தெரியும். அந்த நாலு விரலில் இருந்தது வெறும் மணல். மேலே வண்ண வண்ணமாக மீன்கள் திரிகின்றன, ஆனால் அதற்கு எழுந்து உட்கார வேண்டும். எனக்கோ எழுந்து உட்கார ஒரு காரணமும் இருக்கவில்லை. நாலு மாதம் மணலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை அக்கா. எப்படி இருக்கிறீர்கள், தூக்கம் வந்ததா, விடுதி ஞாபகம் வருகிறதா, ஒன்றும் கிடையாது. சாயங்காலம் ஏழரை ஆனதும் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, சமையலறை விளக்கை மட்டும் எரியவிட்டு இருவரும் தங்கள் அறைக்குள் போய்விடுகிறார்கள். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்து, அரையிருட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போவேன். பெரியவனுக்குத் தட்டை வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்க வாய்வரை வந்தது. அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆறு கெளுத்திக் குட்டிகளை வாங்கி வந்தாள். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் புள்ளி, வாயோரத்தில் அரும்பு மீசை. முதலாம் ஆண்டு மாணவர்கள் பெட்டியோடு வந்து இறங்கியது போலவே இருந்தது. என்னம்மா இது என்றேன். அடியிலேயே இருக்கிற மீன்கள், மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும், அவள் மருத்துவமனைக்கு டியூட்டிக்குப் போகிற நேரத்தில் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். நாலு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அக்கா! பதவி ஏற்ற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஐந்து வரி எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதிதாக வருகிறவர்களைக் குடியமர்த்துவது எப்படி என்று எனக்கா பாடம்?

முதலில் பையைக் கட்டவிழ்க்காமல் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டாள். பிறகு மீன்களை அந்தப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றைத் தொட்டியிலிருந்து வாளிக்குத் தொங்கவிட்டு, அதன் சின்னச் சக்கரத்தை உருட்டிச் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தாள். செவிலியர் வீட்டில் மீனுக்கும் டிரிப்ஸ்தான். ஒரு மணி நேரம் சொட்ட வேண்டும், அதுகள் பழகின தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு, சட்டென்று மாற்றினால் தாங்காது என்று சொல்லி, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் நாற்பது நிமிஷத்தில் அறுபது பையன்களுக்கு அறை ஒதுக்கிச் சாவி கொடுத்தவன். ஆறு பேருக்கு ஒரு மணி நேரமா என்று சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர் ஓடும் நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று ஒரு கோடு போட்ட நோட்டும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்குக் கட்டம் போட ஆரம்பித்தேன். கட்டம் போடுவதில் எனக்கு இருக்கும் ஈடுபாடு உனக்குத் தெரியும், இரண்டு பக்கம் போட்டுவிட்டேன். தொட்டியில் நீர் இறங்கி வடிகட்டி காற்றை இழுத்து உறுமிய பிறகுதான் தலையைத் தூக்கினேன். வாளி நிரம்பி வழிந்து, மிதியடி மிதந்து, கூடம் முழுக்கக் குளமாகியிருந்தது. சத்தம் கேட்டு அறையிலிருந்து ஓடிவந்த மகன் வாசற்படியில் வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கிக்கொண்டு வந்து மேசைக்கு அடியில் நின்றான். அப்போது அவன் மடியில் ஒரு செருப்பும் இரண்டு கெளுத்திகளும் இருந்தன. பரவாயில்லைப்பா என்றான். நம் பையன் வாயில்லாப்பூச்சி என்று நீயே சொல்வாய், அந்தக் கோலத்தில்கூட அதைத்தான் சொன்னான். தலையில் துண்டோடு ஓடிவந்த மருமகள் ஒரு கிண்ணத்தால் இரண்டையும் அள்ளி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை காவலுக்கு அவளே உட்கார்ந்தாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதிவேடு தயாராகிவிட்டதே! மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘டார்ச்’ என்பது எனக்குத் தெரியாது என்று முப்பத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். விடைபெற்ற நாளில் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச்சையே பரிசாகக் கொடுத்து, அவர்களே காட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். அந்த டார்ச்சைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, மாலை ஆறு என்று ஐந்து வேளை வருகை. அடையாளத்துக்குப் பெயர் வைத்தேன்: பெரியவன், ஒற்றைமீசை, கருவால், முழியன், சோம்பேறி. ஆறாவது மீனை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. ஒரு வாலோ ஒரு மீசையோ தெரிவதற்குள் எங்கோ நுழைந்துவிடும். அதனால் ‘இன்னொருத்தன்’ என்று எழுதினேன். டார்ச்சைப் போட்டால் நாலு இருக்கும், இல்லை மூன்று இருக்கும், ஒருமுறை ஒன்றுகூட இல்லை. இன்னொருத்தனுக்கு எதிரே மட்டும் முதல் நாளிலிருந்து வரிசையாக ‘வரவில்லை’, ‘வரவில்லை’ என்று நிரம்பிக்கொண்டே போனது.

வராதவன் எங்கே ஒளிவான் என்று எனக்கா தெரியாது? மூன்றாம் நாள் மருமகள் டியூட்டிக்குப் போனதும் அறைச் சோதனை நடத்தினேன். தொட்டிக்குள் ஒரு உடைந்த பூந்தொட்டி, ஒரு மரக்கட்டை, நாலைந்து செடி, எல்லாம் ஒளிவதற்கென்றே வைத்த இடங்கள். முழுக்கைச் சட்டையோடு கையை விட்டு அத்தனையையும் வெளியே எடுத்து, கழுவி, வெயிலில் காய வைத்தேன். மைதானம் போலத் துப்புரவாகிவிட்டது. ஐந்து கெளுத்திகளும் வெளிறிப்போய் வடிகட்டி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. இன்னொருத்தன் வடிகட்டிக்குப் பின்னாலேயே போய்விட்டான். ‘கூட்டமாக நின்று எதிர்ப்பு’ என்று பதிவேட்டில் குறிப்பு எழுதினேன். சாயங்காலம் மருமகள் வந்தாள், பார்த்தாள். திட்டுவாள் என்று நான் முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன், திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, செடிகளை ஒவ்வொன்றாக நட்டு, பூந்தொட்டியை அது இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள்.

“ஒளிஞ்சிக்க ஒரு இடம் இருந்தாத்தான் மாமா வெளிய வரும்” என்றாள். “இடமே இல்லன்னா பயத்துலயே நின்னுடும்.”

என் பணிக்காலம் முழுக்க நான் கேள்விப்படாத தத்துவம். சரிம்மா என்று அசடு வழிந்துவிட்டு, என் அலமாரிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வேறு கூத்து. ஒற்றைமீசை திடீரென்று அடியிலிருந்து அம்பு போல மேலே பாய்ந்து, தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் கருவால். பிறகு பெரியவன். மூச்சுத் திணறுகிறது, கண்ணெதிரே ஆறு உயிர் போகப்போகிறது என்று தொலைபேசிக்கு ஓடினேன். மீன் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அது அந்த மீனின் பழக்கம், நல்லா இருந்தாலும் அப்பப்போ மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடிக்கும் என்றார். அவருக்கென்ன தெரியும், விற்றவர் அப்படித்தான் சொல்வார் என்று என் கட்டிலுக்குப் போட்டிருந்த மேசை விசிறியை இழுத்து வந்து தண்ணீருக்கு நேராக வைத்தேன். தொட்டியில் அலை எழும்பி, மேலே திரியும் வண்ண மீன்கள் எல்லாம் ஒரே ஓரமாக ஒதுங்கின. சந்தேகம் தீரவில்லை. அன்றைக்கு மட்டும் ஏழு தடவை கூப்பிட்டேன்.

ஏழாவது தடவை அவர், “சார், மீனை நானே திரும்ப எடுத்துக்கிறேன். வேணும்னா உங்களையும் சேத்து எடுத்துக்கிறேன். தயவுசெஞ்சு போனை மட்டும் வைங்க” என்றார்.

வைத்துவிட்டேன். ஆனால் இதையெல்லாம்விட அடுத்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது அக்கா. சிரிப்பாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் முடியவில்லை. நான் அவைகளைப் பட்டினி போட்டுவிட்டேன். அடியில் போய் விழுகிற மாதிரி ஒரு மாத்திரைத் தீனி உண்டு, அதைக் கெளுத்திகளுக்குப் போட வேண்டும். நான் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்து ஒழுங்குப்படி மூன்று வேளை, தொட்டி விளக்கைப் பளிச்சென்று போட்டு, கண்ணாடியில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டி மணியடித்துத் தீனி போட்டேன். மணிச் சத்தத்துக்குக் கெளுத்திகள் பூந்தொட்டிக்குள் பறந்துவிடும். மேலே இருக்கும் வண்ண மீன்கள் இறங்கி வந்து மாத்திரையைக் கொத்தித் தின்றுவிட்டு ஏப்பம் விடாத குறையாகத் திரும்பிப் போகும். நேரத்துக்கு வராதவனுக்குத் தட்டு இல்லை என்பது விதி என்று நானும் இருந்துவிட்டேன். எட்டாம் நாள் மருமகள் குனிந்து பார்த்து, ஏன் இதுகள் வயிறெல்லாம் ஒட்டிக்கிடக்கிறது என்று கேட்டாள். நான் மணி விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மாத்திரையைப் பூந்தொட்டி வாசலில் போட்டுவிட்டு, என்னையும் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். விதியைப் பேசுகிறேனே தவிர, விடுதியில் தாமதமாக வந்த பையனுக்குச் சமையல்காரரிடம் சொல்லித் தட்டை மூடி எடுத்து வைக்கச் செய்தவனும் நான்தான். அது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அந்த ஆள் இந்த எட்டு நாளும் எங்கே போயிருந்தான் என்று எனக்கே தெரியவில்லை.

இனி விரல் கதை. நேற்று செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. சோம்பேறி மணலில் வயிறு பட அசையாமல் கிடந்தது. டார்ச் அடித்தேன், அசையவில்லை. கரண்டியால் தட்டினேன், அசையவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. நான் பட்டினி போட்டதில்தான் போய்விட்டது என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்று எழுந்தேன். விடுதியில் எனக்கு ஒரு நியதி உண்டு: கெட்ட செய்தியைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது, வீட்டாரை நேரில் வரவழைத்து, உட்கார வைத்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். அதன்படி முதலில் மகனைக் கூப்பிட்டு, ஒன்றும் கேட்காதே, உடனே புறப்பட்டு வீட்டுக்கு வா, நேரில் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மருமகளுக்கும் அதே வாசகம். பால்கனியில் ஒரு செடித் தொட்டியில் சின்னதாகக் குழி தோண்டினேன். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதலில் வந்தது மகன். கையெல்லாம் கிரீஸ், முகத்தில் ரத்தமே இல்லை. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தான், அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த நிமிஷம் மருமகள், சீருடையோடு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் பிடித்தபடி. அவள் கேள்வியே கேட்கவில்லை, நேராக வந்து என் நாடியைப் பிடித்தாள். எனக்கு ஒன்றுமில்லைம்மா, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சோம்பேறியை மரியாதையாக வெளியே எடுக்கலாம் என்று தண்ணீரில் கையை விட்டு இரண்டு விரலால் தூக்கினேன். செத்த மீன் செட்டையை விரித்தது பார்! அதன் ஓரத்தில் ஊசி மாதிரி ஒரு முள் இருக்கிறதாம், கட்டைவிரலில் சதக்கென்று இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சோம்பேறி என் கையிலிருந்து துள்ளித் தண்ணீரில் விழுந்து, சாவகாசமாகப் பூந்தொட்டிக்குள் போய்விட்டது. அது ஓய்வாகப் படுத்திருந்ததாம், அந்த மீன்கள் அப்படித்தான் படுக்குமாம். ஓய்வெடுப்பவனைப் பார்த்துச் செத்துவிட்டான் என்று முடிவு கட்டிய முதல் ஓய்வுபெற்றவன் நானாகத்தான் இருப்பேன்.

மருமகள் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து என் விரலை அதில் அமுக்கிப் பிடித்தாள். மகன் தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

கடைசியில், “எட்டு மாடி படியில இறங்கி ஓடி வந்தேன்பா” என்றான். “லிஃப்ட்டை நான்தான் கழட்டிப் போட்டிருந்தேன்.”

தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனான். லிஃப்ட் மெக்கானிக்கைப் படியில் ஓடவிட்ட பெருமை எனக்கு என்று இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் கதவைத் திறந்தபோது அவன் முகம் இருந்ததே, அதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அவன் அம்மா போன அன்றைக்கு. அதை மறுபடி அவனுக்குக் கொண்டுவந்தது நான். ஆறு மீனைக் குடியமர்த்தத் தெரியாமல், அதுகளையும் படுத்தி, இந்தப் பிள்ளைகளையும் படுத்தி எடுக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவன், விடிந்ததும் முடிவு செய்துவிட்டேன். நான் கிளம்புவதுதான் எல்லோருக்கும் நல்லது. உன்னிடம் வந்தால் நீயாவது வாயாரத் திட்டுவாய். இங்கே யாரும் திட்டாதது எனக்குத் தாங்கவில்லை.

அத்தானுக்கு என் பணிவான வணக்கத்தையும், அவருடைய மின்விசிறிகளுக்கு என் வருத்தத்தையும் தெரிவிக்கவும். முழங்காலை மடக்காமல் உட்கார். உன்னைவிடச் சின்னவன் என்பதால் வாழ்த்தும் தகுதி எனக்கு இல்லை, உன் வாழ்த்தைத் தபாலில் அனுப்பி வை, கூடவே மாடி அறை ஒழிந்துவிட்டதா என்பதையும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
அன்றும் இன்றும் உன் அதட்டலுக்கு அடங்கிய தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபால்தலையும் ஒட்டியது நேற்று புதன்கிழமை மதியம். பெட்டியில் போடக் கிளம்பும்போது, கட்டு மாற்ற வேண்டும் என்று மருமகள் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இப்போது வியாழக்கிழமை காலை, உறையை ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்கால வருகைக்கு நான் டார்ச்சை எடுக்கவில்லை. மனம் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே, கட்டைவிரல் கட்டோடு பொத்தானை அழுத்த முடியவில்லை. ஏழரைக்கு வழக்கம்போல் சாப்பாடு மூடி வைக்கப்பட்டது, விளக்கு அணைந்தது, இருவரும் உள்ளே போனார்கள். எழுந்து போக மனமில்லாமல் கட்டிலில் கிடந்தேன். மேசைக்கு அடியில் தொட்டியின் அந்த நாலு விரல் மணல், சமையலறை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. முதலில் ஒரு மீசை. பிறகு ஒற்றைமீசை முழுதாக. அதன் பின்னால் பெரியவன், கருவால், முழியன், செத்துப் பிழைத்த சோம்பேறி. முகத்தை மணலில் புதைத்துப் புதைத்துக் கிளறிக்கொண்டு ஒரு கூட்டமாக வந்தார்கள். கடைசியாக, வாலோரத்தில் வெள்ளைத் தழும்போடு ஆறாவது ஒன்று வந்தது. எண்ணினேன், ஆறு. தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல் எண்ணினேன் அக்கா.

மெதுவாக மருமகளைக் கூப்பிட்டேன், விளக்கைப் போடாதே என்றேன். அவள் வந்து தொட்டிப் பக்கம் போகவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையை என் தலையணை உயரத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள்.

“இங்கேருந்து நல்லா தெரியுதா மாமா?”

தெரிகிறது என்றேன்.

“அதுக்குத்தான் வாங்கினேன். போன மாசம் உங்க படுக்கை விரிப்பை மாத்தறப்போ அசதியா இருக்குன்னு கொஞ்சம் சாஞ்சேன். பாத்தா வெறும் மணல். வந்த நாள்லேருந்து நீங்க இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அடியில இருக்குற மீனா இருந்தா உங்க கண்ணுல படும்ல.”

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பையன்களுக்குக் கட்டில் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கட்டிலிலாவது படுத்து, இங்கிருந்து இவனுக்கு என்ன தெரியும் என்று நான் பார்த்ததில்லை. அவள் இவ்வளவு சொன்ன தைரியத்தில், விழுங்கி வைத்திருந்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்: நான் சாப்பிடுகிற நேரத்தில் ஏன் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறீர்கள்? அவளுக்கு ஆச்சரியம். வந்த புதிதில் அவர்கள் கூட உட்கார்ந்தபோதெல்லாம் நான் இரண்டு வாயில் எழுந்து போய்விட்டேனாம். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனால் மட்டும் தட்டு காலியாக இருந்ததாம். சரி, மாமாவுக்குப் பழகட்டும், அவராக வருவார் என்று விட்டுவிட்டார்களாம்.

எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த அந்த ஐந்து வரிகளைப் படித்தேன். கூட்டமாகப் போய்ப் பக்கத்தில் நிற்காதீர்கள். ஒண்டிக்கொள்ள ஒரு மூலை கொடுங்கள். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். பழகக் கொஞ்ச நாள் ஆகும், தானாக வெளியே வரும். இதில் எந்த வரியும் மீனுக்கு மட்டும் எழுதியது போல எனக்குத் தெரியவில்லை.

விளக்கைப் போடும்மா, எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். விளக்கைப் போட்டால் அதுகள் ஓடிவிடும் என்றாள். அதனால் மூன்று பேரும் அரையிருட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மகன் இருட்டில் தட்டுத் தெரியாமல் பாதி நேரம் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டான். நான் சொல்லவில்லை.

ஆகவே மாடி அறையை ஒழிக்க வேண்டாம், மின்விசிறிகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பிறகு எதற்கு இத்தனை பக்கத்தையும் அனுப்புகிறாய் என்று கேட்பாய், தபால்தலை ஒட்டியாகிவிட்டதே. நீ மேலே உள்ளதை மட்டும் படித்துவிட்டு அத்தானை மாடிக்கு விரட்டியிருந்தால் சொல்லி அனுப்பு, வந்து நானே எல்லாவற்றையும் தூக்கி வைக்கிறேன். இரண்டு நாளைக்கு மேல் தங்க முடியாது, இங்கே பொறுப்பு இருக்கிறது.

பதிவேட்டை இன்று காலையோடு மூடிவிட்டேன். மூடுவதற்கு முன் இன்னொருத்தனுக்கு எதிரே, பத்து நாள் ‘வரவில்லை’க்குப் பிறகு, நேற்றைய தேதியில் ‘வந்துவிட்டான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.